உபவாசத்தில் டீ குடித்தால் செல்லுமா?

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கம் எந்தச் சபையிலும் உபவாச ஜெபம் முடிந்து பாய் சுருட்டும் நேரத்தில் போய் நில்லுங்கள், இந்தக் கேள்வி காதில் விழும். "பாஸ்டர், காலையில தலை சுத்துச்சு, அரை டம்ளர் டீ குடிச்சிட்டேன். உபவாசம் செல்லுமா?" கேட்கிறவர் பெரும்பாலும் ஐம்பது தாண்டிய அம்மாவாக இருப்பார். விடியுமுன்னே காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து, கூடையோடு தெருத்தெருவாகப் போய்விட்டு, பத்து மணிக்கு வந்து தரையில் உட்கார்ந்தவர். பதில் சொல்கிற போதகர் இரண்டு வகை. ஒருவர், "தண்ணி மட்டும்தாம்மா கணக்கு, அடுத்த வாரம் ஒழுங்கா பண்ணுங்க" என்பார். இன்னொருவர், "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, கர்த்தர் இருதயத்தைப் பாக்குறாரு" என்பார்.

இரண்டாவது பதில் கிருபை மாதிரி இருக்கிறது. ஆனால் இருவருமே ஒரு வார்த்தையைத் தாண்டிப் போய்விட்டார்கள். செல்லுமா என்பது நோட்டுக்குச் சொல்கிற வார்த்தை. கிழிந்த ஐம்பது ரூபாயைக் கடைக்காரர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாரே, அது. உபவாசம் ஒரு நோட்டு, பரலோகத்தில் ஒரு கல்லாப்பெட்டி, கட்டினால் மகனுக்கு வேலையோ மகளுக்குக் கல்யாணமோ கிடைக்கும், டீ பட்டதால் நோட்டு செல்லாமல் போய்விடுமோ என்ற பயம். முதல் போதகர் செல்லாது என்கிறார். இரண்டாமவர், பரவாயில்லை, வாங்கிக்கொள்வார் என்கிறார். கல்லாப்பெட்டி இருப்பதை இருவரும் ஒப்புக்கொண்டாயிற்று. அப்போஸ்தலனாகிய பவுல் கலாத்தியருக்கு எழுதியது அந்தக் கல்லாப்பெட்டியைப் பற்றித்தான்.

கி.பி. 50-ஐ ஒட்டிய வருஷங்களில், இன்றைய துருக்கியில் இருந்த சில சபைகளுக்கு எழுதிய நிருபம் அது. 6 அதிகாரம், 149 வசனம். சத்தமாக வாசித்தாலும் அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும். காலண்டரில் ஒரு வசனம், வாக்குத்தத்த அட்டையில் ஒரு வசனம் என்று கிள்ளித் தின்பதை விட்டு ஒரே மூச்சில் வாசிக்க வேண்டிய நிருபம். பெரும்பாலான நிருபங்களை ஸ்தோத்திரத்தோடு ஆரம்பிக்கிற மனிதர், இதில் வாழ்த்து முடிந்ததும் நேரே சண்டைக்கு வருகிறார் என்பது அப்போதுதான் உறைக்கும். "புத்தியில்லாத கலாத்தியரே" என்கிறார்.

அந்த ஜனங்கள் கெட்டவர்கள் இல்லை. விசுவாசித்தார்கள், ஆவியைப் பெற்றார்கள், நன்றாக ஓடிக்கொண்டிருந்தார்கள். பிறகு யாரோ வந்து, கிறிஸ்து சரி, கூடவே விருத்தசேதனமும், அதாவது நுனித்தோலை அறுக்கும் யூதச் சடங்கும், வேண்டும் என்றார்கள். நாள், மாதம், காலம், வருஷம் பார்ப்பதும் சேர்ந்துகொண்டது. பவுலுக்குக் கோபம் வந்தது அந்தக் "கூடவே"யில். நம்ம பக்கம் ஒரு வழக்கு உண்டு. வாலிபன் ஒருவன் குடித்துவிட்டான், இல்லை யாரோடோ ஓடிப்போனான் என்றால், "கிருபையிலிருந்து விழுந்துட்டான்" என்பார்கள். 5:4-ஐ எடுத்துப் பாருங்கள். "நியாயப்பிரமாணத்தினாலே நீதிமான்களாக விரும்புகிற நீங்கள் யாவரும் கிறிஸ்துவைவிட்டுப் பிரிந்து கிருபையினின்று விழுந்தீர்கள்." ஓடிப்போனவனைப் பற்றிய பேச்சே அங்கே இல்லை. ஒழுங்காக வந்து முன்வரிசையில் உட்கார்ந்து, தன் ஒழுங்கையே ரசீதாக நீட்டுகிறவரைப் பார்த்துச் சொன்னது.

அப்படியானால் நியாயப்பிரமாணம், அதாவது மோசே வழியாக வந்த சட்டம், எதற்கு? 3:24-இல் நம் பழைய மொழிபெயர்ப்பு "உபாத்தி" என்கிறது. உபாத்தி என்றால் வாத்தியார். கிரேக்கத்தில் உள்ள பைதகோகோஸ் என்கிற ஆள் வாத்தியார் கிடையாது. பணக்கார வீட்டுப் பையனைக் காலையில் பள்ளிக்குக் கூட்டிப்போய், சாயங்காலம் திரும்பக் கூட்டிவரும் அடிமை. வழியில் பையன் ஒழுங்காக நடக்கிறானா என்று பார்ப்பது அவன் வேலை. பாடம் சொல்லித்தருவது வேறொருவர். நம் ஊரில் ஸ்கூல் ஆட்டோக்காரரையும் ஆயாவையும் ஒரே ஆளாகச் சேர்த்தால் கிட்டத்தட்ட அவன்தான். அந்த ஆள் தேவைதான், திட்டினாலும் தேவைதான். ஆனால் பையன் வளர்ந்து காலேஜுக்குப் போகும்போதும் ஆயா கையைப் பிடித்துக்கொண்டே போனால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? "விசுவாசம் வந்தபின்பு நாம் உபாத்திக்குக் கீழானவர்களல்லவே" என்று அடுத்த வசனமே முடித்துவிடுகிறது. உபாத்தியை வாத்தியார் என்று நினைத்துப் பிரசங்கம் செய்தால், கிறிஸ்துவிடம் வந்த பிறகும் அவரிடம் பாடம் கேட்கத்தான் தோன்றும். பாதிச் சிக்கல் இந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

சட்டத்தை மட்டம் தட்டவும் வேண்டாம். காசிமேட்டுக்காரர்களுக்கு இது சொல்லாமலே புரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் துறைமுகத்தில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கும். தடை நல்லது, தேவை. படகைக் கரையில் நிறுத்தும். ஆனால் கடலுக்குள் முட்டை இடுவதும் குஞ்சு பெருகுவதும் அரசாணையால் நடப்பதில்லை. 3:21 இதைத்தான் சொல்கிறது: உயிரைக் கொடுக்கத்தக்க நியாயப்பிரமாணம் ஒன்று இருந்திருந்தால், நீதி அதனாலேயே வந்திருக்கும். கையைத் திருடாமல் தடுக்கச் சட்டத்துக்குத் தெரியும். திருடின கையை இன்னொருவருக்குக் கொடுக்கிற கையாக மாற்ற அதற்குத் தெரியாது.

இனி உபவாசத்துக்கு வருவோம். மோசேயின் பிரமாணம் வருஷத்தில் கட்டளையிட்டது பாவநிவிர்த்தி நாள் என்கிற ஒரே நாளைத்தான். வாரம் இரண்டுதரம் உபவாசிக்கிறேன் என்று சொன்னவன், லூக்கா 18-இல் தன் பக்தியைத் தானே மெச்சிக்கொள்கிற பரிசேயன். வெள்ளிக்கிழமை உபவாசமும் இரண்டாம் சனிக்கிழமை உபவாசமும் சபை வசதிக்காக வைத்துக்கொண்டவை. நல்ல பழக்கங்கள்தான், சட்டமாக்குவதற்கு மட்டும் பைபிளில் இடமில்லை.

உபவாசம் சட்டமாகிவிட்டதா, இல்லை இன்னும் உபவாசமாகத்தான் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அது தவறிய நாளில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். வாந்தியோ விருந்தாளியோ வந்து வெள்ளிக்கிழமை விட்டுப்போயிற்று. அன்று சாயங்காலம் அந்த அம்மாவால் நிம்மதியாக ஜெபிக்க முடிகிறதா? "இன்னிக்கு முடியலப்பா" என்று சொல்லிவிட்டுப் படுக்க முடிகிறதா? இல்லை, அடுத்த வாரம் பேரனுக்குக் காய்ச்சல் வந்ததும், "அன்னிக்கு விட்டேன்ல, அதான்" என்று மனசு கணக்குப் போடுகிறதா? கணக்குப் போட்டால், பழக்கம் எவ்வளவு பக்தியாகத் தெரிந்தாலும் அது நுகத்தடி. இதே சோதனையைக் குடும்ப ஜெபத்துக்கும், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுக்கிற தசமபாகத்துக்கும், முக்காட்டுக்கும் போட்டுப் பார்க்கலாம்.

"முடியலப்பா" என்பதில் வரும் அந்த "அப்பா" சும்மா வந்ததில்லை. கலாத்தியர் 4:6, "அப்பா, பிதாவே!" என்று கூப்பிடும்படி குமாரனுடைய ஆவியை நம் இருதயத்தில் அனுப்பினார் என்கிறது. பலர் அதைத் தமிழ் என்றே நினைத்து வாசிக்கிறார்கள். அது அரமேயு. இயேசு வீட்டில் பேசிய பாஷை. நமக்கு மொழிபெயர்க்காமலே புரிகிற மாதிரி அமைந்துவிட்டது. எத்தனை மொழிக்காரர்கள் இந்த வசதிக்கு ஏங்குவார்கள்!

உடம்பு விஷயமும் ஒன்று சொல்லியாக வேண்டும். இதைச் சொல்லாத உபவாசப் பிரசங்கம் ஆபத்தானது. சர்க்கரைக்கு இன்சுலினோ, சர்க்கரையை வேகமாக இறக்குகிற மாத்திரைகளோ எடுக்கிறவர் மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்தால், மதியத்துக்குள் வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். சுற்றி இருப்பவர்கள் அதை ஆவியின் அசைவு என்று நினைத்து இன்னும் சத்தமாகப் பாடினால் கதை முடிந்தது. நினைவு இருந்தால் உடனே மூன்று நாலு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். நினைவு இல்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும். டாக்டரைக் கேட்காமல் அவர்கள் உபவாசம் இருக்கக் கூடாது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிறவர்களும் அப்படியே. மற்றவர்கள் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். முடிக்கும்போது கஞ்சி, மோர், பழம் என்று ஆரம்பிப்பது நல்லது. நேரே பிரியாணியில் இறங்கினால் வயிறு இரவு முழுக்கப் பேசும். அந்த நாளில் மிச்சமான அரிசியும் காய்கறிப் பணமும் யார் வீட்டுக்குப் போனது என்பது ஏசாயா 58 கேட்கிற கேள்வி. டீயைப் பற்றி அந்த அதிகாரத்துக்குக் கவலை இல்லை.

தசமபாகம் இதைவிடச் சிக்கல். காணிக்கைக் கவரின் முகப்பில் மல்கியா 3:10 அச்சாகி இருக்கும். அதற்கு முந்தைய வசனத்தில் சாபம் இருக்கிறது. மாதக் கடைசியில் கவர் வெறுமையாக இருக்கும்போது அச்சில் இல்லாத அந்த வசனம்தான் மனசில் ஓடும். நியாயப்பிரமாணத்தில் உள்ள தசமபாகத்தை முழுசாக எடுத்துப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி. எண்ணாகமம் 18-இல் தேவ ஊழியம் செய்த லேவியருக்குக் கொடுப்பது ஒன்று. உபாகமம் 14-இல், குடும்பமே தேவன் தெரிந்துகொண்ட இடத்துக்குக் கொண்டுபோய்த் தேவசந்நிதியில் சாப்பிட்டுச் சந்தோஷப்படுவது ஒன்று. அதே அதிகாரத்தில் மூன்றாம் வருஷத்துக்கு ஒருதரம் லேவியன், பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை எல்லோரும் சாப்பிடும்படி ஊருக்குள்ளே வைப்பது ஒன்று. எல்லாம் தானியம், திராட்சரசம், எண்ணெய், ஆடு மாடு. அப்படியே நடத்துவேன் என்கிறவர் விதவைக்குக் கொடுப்பதையும் குடும்பம் உட்கார்ந்து விருந்து சாப்பிடுவதையும் சேர்த்துத்தான் நடத்த வேண்டும். முதலாவதை மட்டும் கவரில் அச்சடிப்பது எந்தப் பிரமாணம்?

ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். ஒருவர் கட்டட வேலையில் நாளுக்கு 700 ரூபாய், மாதம் 20 நாள், ஆக 14,000. வாடகை 5,000, குழந்தை ஃபீஸ், மாமியாருக்கு மருந்து, குழுக் கடன் தவணை. 1,400-ஐ முதலில் எடுத்து வைக்காவிட்டால் சாபம் என்றால், அந்தப் பணம் கந்து வட்டிக்காரரிடமிருந்துதான் வரும். வடசென்னையில் அப்படி வருவது அதிசயமில்லை. அவரிடம் சொல்ல வேண்டியது கலாத்தியர் 3:13. கிறிஸ்து நமக்காகச் சாபமாகி, நியாயப்பிரமாணத்தின் சாபத்திலிருந்து மீட்டுக்கொண்டார். அந்தக் கவரில் மிரட்டல் செல்லாது. இன்னொருவருக்குத் துறைமுகத்தில் லாரி ஓடுகிறது, மாதம் ஐந்து லட்சம் நிற்கிறது, பத்து சதவீதத்தை எண்ணிப் போட்டுவிட்டு மீதி முழுக்கத் தன்னுடையது என்று தூங்குகிறார். அவருக்கும் பத்து சதவீதம் ஒரு நுகம்தான், மெத்தை வைத்த நுகம். "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே" என்கிற 2 கொரிந்தியர் 9:7, முதல் ஆளுக்கு 200 ரூபாயாகவும் இரண்டாம் ஆளுக்கு ஒன்றரை லட்சமாகவும் ஆகலாம். என்னைக் கேட்டால் ஒரு வாரம் வீட்டில் பேசி, கணவனும் மனைவியும் ஒரு தொகை எழுதி வைத்துக்கொள்வது நல்லது. மூன்று மாதத்துக்கு ஒருதரம் அதை மறுபடி பார்க்க வேண்டும். மேடையில் தொகையும் பெயரும் வாசிக்கிற சபையில் இது கஷ்டம்தான்.

கலாத்தியர் ஐந்தாம் அதிகாரத்தில் மாம்சத்தின் கிரியைகள் என்று ஒரு பட்டியல் வரும். நம் பழைய மொழிபெயர்ப்பில் 17. எண்ணிப் பாருங்கள். விபசாரம், வேசித்தனம், அசுத்தம், காமவிகாரம் முதலில். விக்கிரகாராதனை, பில்லிசூனியம் அடுத்தது. கொலைகள், வெறிகள், களியாட்டுகள் கடைசியில். நடுவில் பகைகள், விரோதங்கள், வைராக்கியங்கள், கோபங்கள், சண்டைகள், பிரிவினைகள், மார்க்கபேதங்கள், பொறாமைகள் என்று எட்டு. கிட்டத்தட்டப் பாதி. எட்டும் சபைக் கமிட்டி எலெக்‌ஷன் அறையில் உட்கார்ந்து எழுதின மாதிரி இருக்கும். கன்வென்ஷன் பிரசங்கங்களில் அதிகம் அடிபடுவது "வெறிகள்" என்கிற ஒன்று மட்டும். கல்லறைத் தோட்டச் சாவியை யார் வைத்துக்கொள்வது என்று இரண்டு வருஷம் பேசாமலிருக்கும் இரண்டு மூப்பர்கள், குடிகாரனுக்காகக் கைவைத்து ஜெபிப்பார்கள். பட்டியலுக்குப் பிறகு வரும் ஆவியின் கனியையும் கவனியுங்கள். கிரியைகள் என்று பன்மையில் சொன்னவர், கனி என்று ஒருமைக்கு மாறுகிறார். அன்பு, சந்தோஷம், சமாதானம் என்று ஒன்பதும் ஒரே பழத்தின் சுளைகள். எனக்கு விசுவாசம் இருக்கு, சாந்தம்தான் கொஞ்சம் கம்மி என்று தனித்தனியாக எடைபோட அதில் வழியில்லை.

குடியைத் தொட்டதால் இன்னொன்று. வருஷக்கணக்காகத் தினமும் குடித்தவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முன்னால் வந்து முழங்கால்படியிட்டு, இன்றோடு விட்டேன் என்கிறார். அழுகிறார், எல்லோரும் ஸ்தோத்திரம் சொல்கிறார்கள். அடுத்த 6 முதல் 48 மணி நேரத்துக்குள் அவருக்கு வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் நடுக்கம், காய்ச்சல், இல்லாததைப் பார்த்துப் பேசுவது வரலாம். உயிர் போகிற நிலை அது. அதைப் பிசாசு என்று நினைத்து ஜெபவீட்டில் அடைத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆவியினாலே சரீரத்தின் செய்கைகளை அழிப்பது என்று ரோமர் 8 சொல்வதற்கு, ஞாயிறு சாயங்காலமே அவரோடு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேர் போய், மாத்திரையோடு பத்து நாள் கூட இருப்பது என்றும் அர்த்தம். மறுபடி குடித்துவிட்டால்? அங்கேயும் அதே சோதனைதான். விழுந்த மறுநாள் அவர் முதலில் போன் செய்வது சபைக்காரருக்கா, இல்லை சபைக்காரர் கண்ணில் படாமல் வேறு தெரு வழியாகப் போகிறாரா?

கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தில் ஒரு சாப்பாட்டுச் சண்டை இருக்கிறது. அந்தியோகியாவில் பேதுரு, யூதரல்லாத புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் எழுந்து விலகிக்கொண்டார். பவுல் எல்லோர் முன்பாகவும் கேட்டுவிட்டார். உபதேசத்தில் பேதுரு ஒரு வரியும் மாற்றவில்லை, பந்தியைத்தான் மாற்றினார். அது போதும், சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு ஏற்றபடி நடக்கவில்லை என்று சொல்ல. தமிழ்நாட்டுச் சபைக்கு இந்தப் பகுதி சுடும். 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை இனி கூடாது, உடனே, முழுசாக விட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தனி இடத்தில் உட்காருவதும் திருவிருந்துக்குத் தனித்தனியாக வருவதும் அன்று வழக்கத்தில் இருந்தவை. வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் எதிர்த்து நின்றார்கள். இன்று ஒரே பாத்திரத்தில் குடிக்கிறோம், பெருமைதான். ஆனால் கல்யாண வரன் தேடும்போது "கிறிஸ்தவர்" என்பதற்குப் பக்கத்திலேயே சாதிப் பெயரும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. திருவிருந்து மேசையிலிருந்து எழுந்து கல்யாணப் பந்திக்குப் போவதற்குள் பேதுரு மாதிரி விலகிக்கொள்கிறோம். சுயாதீனத்தைப் பற்றி எத்தனை பிரசங்கம் செய்தாலும், இதைத் தொடாதவரை அது பாதிச் சுயாதீனம் என்றே எனக்குப் படுகிறது.

சுயாதீனம் என்ற சொல்லைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். கலாத்தியர் 5:1-இல் "சுயாதீன நிலைமை". 2 கொரிந்தியர் 3:17-இல், "கர்த்தருடைய ஆவி எங்கேயோ அங்கே விடுதலையுமுண்டு." கிரேக்கத்தில் இரண்டும் எலூதெரியா என்கிற ஒரே சொல். கத்தோலிக்கரும் பொதுவில் வாசிக்கிற திருவிவிலியத்தில் "உரிமை வாழ்வு" என்ற சொல் வரும், மாம்சத்துக்கு "ஊனியல்பு" என்று இருக்கும். ராயபுரத்தில் ஒரே தெருவில் இரண்டு மொழிபெயர்ப்பும் புழங்குகிறது. பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கிச் சேர்த்து வாசித்தால் லாபம். சுயாதீனம் என்றால் பிள்ளைகளுக்கு இஷ்டப்படி இருப்பது என்று கேட்கிறது. உரிமை வாழ்வு என்றதும் அடிமை விடுதலைப் பத்திரம் கையில் வாங்கிய ஆள் தெரிகிறார்.

சரி, சட்டம் இல்லையென்றால் அன்றாடம் எதைப் பிடித்து நடப்பது? கலாத்தியர் 5:16-இலும் 5:25-இலும் "நட" என்றே தமிழில் இருக்கிறது. கிரேக்கத்தில் இரண்டு வினை. முதலாவது சாதாரணமாக நடமாடுவது. இரண்டாவது, வரிசையில் முன்னால் போகிறவர் காலடியைப் பார்த்து வைப்பது. தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு போகிற பிள்ளையைப் பார்த்தால் புரியும். அதன் கையில் வரைபடம் இல்லை. எந்தக் கடை, எந்தச் சந்து என்று தெரியாது. அம்மா நின்றால் நிற்கும், திரும்பினால் திரும்பும். பலூன்காரரைப் பார்த்துக் கையை விட்டுவிட்டால் அழும், அந்த அழுகையைக் கேட்டு அம்மா திரும்புவாள்.

இந்த இடத்தில்தான் ஏமாற்றும் நுழைகிறது. "ஆவியானவர் எங்கிட்ட சொன்னாரு, உன் பொண்ண அந்தப் பையனுக்குக் குடு" என்று ஒருவர் வந்தால் என்ன செய்வது? பவுலே வழி வைத்திருக்கிறார். 1 கொரிந்தியர் 14:29, தீர்க்கதரிசனம் சொல்கிறவர் இரண்டு மூன்று பேர் பேசலாம், மற்றவர்கள் நிதானிக்க வேண்டும். 1 தெசலோனிக்கேயர் 5, அற்பமாக எண்ணாதே, ஆனால் எல்லாவற்றையும் சோதித்துப் பார். ஆக, உடனே தலையாட்ட வேண்டியதில்லை. சொன்னவருக்கு இதில் கமிஷனோ செல்வாக்கோ உண்டா? அவசரப்படுத்துகிறாரா? மறுத்தால் சாபம் என்கிறாரா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் மேலே விசாரிக்க வேண்டாம், பயப்படுத்துகிற அடிமைத்தனத்தின் ஆவியை நீங்கள் பெறவில்லை என்று ரோமர் 8:15 சொல்லிவிட்டது. பெண்ணின் சம்மதத்தைக் கேட்காத தீர்க்கதரிசனத்தை நான் ஒரு நிமிஷம்கூட எடுத்துக்கொள்ள மாட்டேன்.

பவுலே ஒரே விஷயத்தில் இரண்டு விதமாக நடந்திருக்கிறார். தன்னோடு ஊழியம் செய்த தீத்துவுக்கு விருத்தசேதனம் வேண்டும் என்று வற்புறுத்தினபோது ஒரு நாழிகைகூட இணங்கவில்லை. தீமோத்தேயுவுக்குத் தானே செய்துவைத்தார், அந்தப் பகுதி யூதர்களிடம் போக இடைஞ்சல் இருக்கக் கூடாதென்று. செயல் ஒன்று. இரட்சிப்புக்கு விலையாகக் கேட்டபோது முடியாது, அன்புக்காக என்றபோது சரி. நகை கழற்றுவது, வெள்ளை உடுத்துவது, முக்காடு எல்லாவற்றையும் இந்த இரண்டு பேரை வைத்தே யோசித்துவிடலாம். ஊரில் பாட்டி மனம் நோகக் கூடாதென்று முக்காடு போடுகிற பெண்ணும், போட்டால்தான் ஜெபம் கேட்கப்படும் என்று போடுகிற பெண்ணும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருப்பார்கள்.

கலாத்தியர் ஆறாம் அதிகாரத்தில் ஒரு முரண் கண்ணில் படும். இரண்டாம் வசனம், ஒருவர் பாரத்தை ஒருவர் சுமங்கள். ஐந்தாம் வசனம், அவனவன் தன் தன் பாரத்தைச் சுமப்பான். தமிழில் இரண்டும் பாரம். கிரேக்கத்தில் முதலாவது பாரோஸ், ஒருவரை நசுக்குகிற எடை. இரண்டாவது ஃபோர்தியோன், அவரவர் தோளுக்கு ஏற்ற மூட்டை. மார்க்கெட்டில் சுமை தூக்குகிறவர்களுக்கு இது தினசரிப் பாடம். தன் கூடையைத் தானே தலையில் வைத்து நடப்பார், ஐஸ் நிறைந்த பெட்டி என்றால் நாலு பேர் ஒரு பக்கம் பிடிப்பார்கள். ஆஸ்பத்திரி கடன், மகன் ஜெயிலில், புருஷன் கடலில் காணோம் என்பதெல்லாம் ஐஸ் பெட்டி. நேரத்துக்கு வேலைக்குப் போவது, பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தருவது கூடை. இரண்டையும் மாற்றிப் போட்டால் சபையில் சோம்பேறிகள் பெருகுவார்கள், இல்லை தனியாக நசுங்கிச் சாவார்கள். கிறிஸ்துவின் பிரமாணம் என்று இந்த நிருபத்தில் பவுல் பெயர் சொல்லிக் காட்டுவது அந்த ஐஸ் பெட்டியைப் பிடிப்பதைத்தான்.

கடைசியாக ஆடி மாதம். அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிய ஞாயிற்றுக்கிழமை மதியம், பக்கத்து வீட்டு அக்கா தூக்குச்சட்டியோடு வந்து நிற்கிறார். "கூழும் கருவாட்டுக் குழம்பும், சூடா இருக்கு, பசங்களுக்குக் குடு." வீட்டில் மாமியார் மூன்றாம் தலைமுறைக் கிறிஸ்தவர். மருமகள் போன வருஷம்தான் ஞானஸ்நானம் எடுத்தவள், அதே கோயிலில் தீ மிதித்த குடும்பம். பவுல் 1 கொரிந்தியர் 8-லும் 10-லும் எழுதியது இந்த வாசற்படியைப் பற்றித்தான். விக்கிரகம் ஒன்றுமில்லை, கடையில் விற்பதைக் கேள்வி கேட்காமல் வாங்கிச் சாப்பிடு, அழைத்த வீட்டில் வைத்ததைச் சாப்பிடு. அதே மூச்சில், இது படைத்தது என்று ஒருவன் சொன்னால் அவனுக்காகச் சாப்பிடாதே. பந்தியாகப் பூஜையில் உட்கார்ந்து பங்கெடுப்பதைத் தனியாகவே தடுக்கிறார். மாமியாருக்கு அது கேழ்வரகும் நொய்யும். குடித்துவிட்டு ஏப்பம் விட்டாலும் மனசாட்சி அசையாது. மருமகளுக்கு அந்த வாசனையில் உடுக்கைச் சத்தம் கேட்கும். அவள் முன்னால் மாமியார் தன் சுயாதீனத்தைக் காட்டிக் குடித்தால், அறிவில் சரி, அன்பில் தப்பு. மருமகள் மாமியாரைப் பார்த்து, நீங்க பின்மாற்றம் அடைஞ்சிட்டீங்க என்றாலும் தப்பு, ஒருவரையொருவர் தீர்ப்பிடாதிருங்கள் என்கிற ரோமர் 14 அவளையும் நிறுத்தும்.

அக்காவின் முகத்துக்கு நேரே, "நாங்க இதெல்லாம் தொட மாட்டோம்" என்று கதவைச் சாத்துவது இரண்டு அதிகாரத்திலும் இல்லை. சட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளலாம். "உட்காருங்கக்கா, மூச்சு வாங்குது பாருங்க, தண்ணி குடிங்க" என்று சொல்லலாம். மருமகளிடம் அப்புறம் உள்ளே போய், "உனக்கு எப்படி இருக்கு? வேணாம்னா நானும் இன்னிக்குக் குடிக்கல" என்று மாமியார் கேட்கலாம். அக்கா பிறகு கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லலாம், அவருக்கும் புரியாத விஷயமில்லை. தூக்குச்சட்டியை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் நம்ம தெருக்களில் கிடையாது. கழுவித் துடைத்து, கொஞ்சம் சர்க்கரையோ நாலு வாழைப்பழமோ போட்டு, சாயங்காலம் மருமகள் கையிலேயே கொடுத்தனுப்பலாம்.